ஒன்பதாம் எண் பேரிக்காய்

அத்தியாயம் பதினான்கு

இதனால் சகலமான பொதுமக்களுக்கும், கலை ஆர்வலர்களுக்கும், கலை ஆர்வலர் போல நடிக்கத் தெரிந்தவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று முற்பகல் பதினொரு மணிக்கு மனிதகுலத்தின் நெடுநாள் தாகம் ஒன்று தீர இருக்கிறது. பல் முளைத்த பேரிக்காய் ஒன்று ஏலம் விடப்படும்.

பழம் அல்ல, படம். ஒரு சர்ரியலிச ஓவியர் கல்லில் வரைந்து, எழுபத்தைந்தே எழுபத்தைந்து பிரதி அச்செடுத்து, கையோடு கல்லையும் தேய்த்து அழித்துவிட்ட படம். அதில் ஒன்பதாவது பிரதி.

ஏலக்கூடத்தின் வழுவழு கேட்லாக்கில் பேரிக்காய்க்கு முழுசாக இரண்டு பக்கம். 'பழத்துக்குள் பசி குடியேறிய முரண்' என்றும், 'முன்பல்லின் உடைந்த மூலையில் திறந்துகொள்ளும் இருத்தலின் வெற்றிடம்' என்றும் ஒரு நிபுணர் எழுதித் தள்ளியிருந்தார். படத்தின் கீழோரத்துப் பழுப்புக் கறையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அது 'காலம் தன் கையால் வைத்த முத்திரை'யாம்.

அந்தக் கறை, பல் பிடுங்கிக்கொண்ட ஒரு குண்டு மளிகைக்காரர் கொப்பளித்துக் குறி தவறித் துப்பியது. படத்துக்குக் கண்ணாடி போடாத காலம். துடைத்தவள் நடுவி.

மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்ததால் நடுவி. வயது முப்பத்தைந்து. பல் செட் செய்வது தொழில், முழு செட்டுக்கு இருபத்தெட்டுப் பல். அப்பா பல் டாக்டர். அவர் பிடுங்குவார், இவள் கட்டிக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு இவள் மேஜையில் பிறந்தது. அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. கிளினிக்கை மூடியபோது, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இத்தனை வருஷமும் குழந்தைகளை அலறவைத்துக்கொண்டிருந்த பேரிக்காயை வீட்டுக்கு எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டினார்கள்.

வினை அங்கே ஆரம்பித்தது. அம்மா அதோடு பேசத் தொடங்கினாள்.

முதலில் "சாப்பிட்டியா?" என்று மட்டும். அப்புறம் அதற்கு எதிரே ஒரு தட்டு. அப்புறம், "இன்னிக்கு இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்திருக்கான், பாரு" என்று. வேடிக்கை என்னவென்றால், அவள் சொன்ன பிறகு பார்த்தால் கொஞ்சம் திறந்த மாதிரிதான் இருந்தது. நடுவி நாற்காலியை மாற்றிப் போட்டு, பேரிக்காய்க்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டாள். முதுகில் ஈரக்காற்று பட்டது. ஜன்னல் மூடியிருந்தது.

"இதை வித்துத் தொலைச்சிடலாம்க்கா," என்றான் சின்னவன். "அம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்கறதுக்கு முன்னாடி."

ஏலக்கூடத்துத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவிடம், கண்ணாடி மாற்றக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். போன வாரம்வரை கதை இவ்வளவுதான்.

*

இன்று காலை ஒன்பது மணிக்கு அம்மா கேட்லாக்கோடு வந்து நின்றாள். சின்னவன் பெருமைக்காக அதைச் சோபாவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

"கண்ணாடி மாத்தத்தானே கொடுத்திருக்கே?"

"ஆமாம்மா."

"கண்ணாடிக் கடைக்காரன் இவ்வளவு பெரிய புஸ்தகமா போடறான்?"

நடுவி காப்பியைக் குடிப்பதில் மும்முரமானாள். டம்ளரில் காப்பி இல்லை.

சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளிறிப்போய்ச் சதுரமாகத் தெரிந்தது. அம்மா அதன் முன்னால் போய் நின்றாள். அதற்கு எதிரே தட்டு இன்றைக்கும் வைத்திருந்தது.

"அவனையும் அனுப்பிட்டா அப்புறம் இந்த வீட்டுல யாரு இருக்கா?"

"அம்மா, அது பேரிக்காய்."

"பேரிக்காய்க்குப் பல்லு இருக்குமாடி? ஊர் வாய்க்கெல்லாம் பல்லு கட்டறே. இது யார் வாயின்னு ஒரு நாளாவது யோசிச்சியா?"

உள்ளே போனாள். அலமாரிக் கதவு முனகியது. துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றோடு திரும்பி வந்தாள். திறந்ததும் கிராம்புத் தைல வாசனை குப்பென்று வந்தது. எட்டு மாதமாக இந்த வீட்டில் அந்த வாசனையே கிடையாது. உள்ளே பழைய துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டர் அச்சு. மேல்தாடை. அடியில் அப்பாவின் கோழிக் கிறுக்கல்: 'பெரியவன். வயது 17.'

நடுவி அந்த எழுத்தை விரலால் தடவினாள்.

பெரியவன் அவள் அண்ணன். பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனவன். இருபத்தொரு வருஷமாகத் தகவல் இல்லை. சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பு வரும். ஒரு பல்லுக்கு. முன்பல்லின் மூலை உடைந்துபோயிற்று. அப்பா அச்செடுத்து, கேப் போடத் தயாராக இருந்தார். அவன் மாட்டேன் என்றான். "பல் டாக்டர் பையனே ஓட்டைப் பல்லோட திரிஞ்சா நம்மகிட்ட எவன் வருவான்?" என்று அப்பா கத்தினார். "என் வாய் உங்க விளம்பரப் பலகை இல்லை," என்று இவன் கத்தினான். இரண்டு வருஷம் அதே சண்டை. சாப்பிடும்போது, தூங்கப் போகும்போது, விருந்தாளி வரும்போது. ஒரு நாள் அவன் படுக்கை காலியாக இருந்தது.

பல் உடைந்தது எப்படி? இரும்புக் கேட்டில் தானே மோதிக்கொண்டான் என்பது குடும்ப வரலாறு. பொய். பன்னிரண்டு வயது நடுவி, தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வந்து நுழைகிற நேரம் பார்த்து, கோபத்தில் கேட்டை ஓங்கிச் சாத்தினாள். வாயில் ரத்தத்தோடு அவன் அவளைப் பார்த்தான். அப்பா ஓடி வந்ததும், "நானே இடிச்சுக்கிட்டேன்ப்பா," என்றான்.

உலகத்தில் இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் போய்விட்டான். இன்னொருத்தி பல் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இது அது இல்லைம்மா," என்றாள் நடுவி. "அண்ணனுக்கு உடைஞ்சது வலது பல்லு. பேரிக்காயில இடது பல்லு. எனக்குத் தெரியாதா?"

"அந்த ஓவியர் பல்வலின்னு வந்தாரு. அப்பா அலமாரியில இது காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நாள் கடன் கேட்டாரு. திருப்பித் தரப்ப ஃபீஸுக்குப் பதிலா படத்தையும் சேத்துத் தந்தாரு. உங்கப்பா வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் பாத்துட்டேன். பல்லு நம்ம பையனோடது.'"

"ஆனா பக்கம்..."

"கல்லுல வரைஞ்சா காகிதத்துல பக்கம் மாறித்தான் விழுமாமே. கண்ணாடியில பாரு."

கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நடுவி அச்சைத் தூக்கிப் பிடித்தாள்.

கண்ணாடிக்குள்ளிருந்து பேரிக்காய் அவளைப் பார்த்துச் சிரித்தது. கொஞ்சம் முன்னால் தள்ளிய கோரைப்பல், அதன் பக்கத்தில் ஒட்டிப் பிறந்த குட்டிப்பல், மூலை போன முன்பல். பின்னால் அவள் முகம், வெள்ளையாக.

எழுபத்தைந்து பிரதி. இந்த உலகத்தில் எழுபத்தைந்து சுவர்களிலிருந்து அண்ணன் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அப்பா போற வரைக்கும் நான் வாயைத் திறக்கலை," என்றாள் அம்மா. "அதுல நான் அவனைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னா கழட்டிப் போட்டுடுவாருன்னு பயம். அந்தப் பல்லோட அவன் சிரிச்ச போட்டோ ஒண்ணுகூட இல்லைடி. பல்லு உடைஞ்ச அப்புறம் போட்டோவுக்கு வாயையே திறக்கலை. இது ஒண்ணுதான்."

நடுவி அச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

*

ஏலக்கூடத்தின் வாசலில் சின்னவன் கோட்டு போட்டு நின்றிருந்தான். கோட்டு நண்பனுடையது, கையை மடக்கினால் மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே போய் நின்றது. தொழில் வீட்டுத் தரகு. குளியலறையே இல்லாத வீட்டைக்கூட 'இயற்கையோடு இணைந்த வாழ்வு' என்று விற்றுவிடுவான். கேட்லாக் எழுதிய நிபுணரும் இவனும் சந்தித்திருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"அக்கா! வா வா. நாம நாப்பத்தொண்ணாவது. இப்ப முப்பத்தாறு போகுது."

"டேய், படத்தைத் திரும்ப எடுக்கணும்."

"என்ன?"

"விக்க வேண்டாம். எடுத்துடு."

"உனக்கும் பிடிச்சுடுச்சா? நல்லது. குடும்பத்தோட போயி ஒரே வார்டுல படுத்துக்கலாம்."

நடுவி பையைத் திறந்து அச்சை அவன் கையில் வைத்தாள். சொன்னாள். அப்பா அச்செடுத்ததை, ஓவியர் வாங்கிப் போனதை, கண்ணாடியில் பார்த்ததை. கேட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

சின்னவன் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாயிலிருந்த நக்கல் மெல்ல வடிந்தது.

"எனக்கு அவன் முகமே ஞாபகம் இல்லைக்கா," என்றான். "எட்டு வயசு எனக்கு. தூக்கித் தோள்ல உக்கார வெச்சுக்குவான். அதனால அவன் தலையைத்தான் நான் பாத்திருக்கேன். உச்சியில ரெண்டு சுழி, எனக்கு இருக்கற மாதிரியே. அவ்வளவுதான்." கட்டைவிரலால் உடைந்த பல்லைத் தடவினான். "இப்படியா சிரிப்பான்?"

"இப்படித்தான்."

"வா," என்று அச்சை அவள் பைக்குள் திரும்ப வைத்தான்.

ஏலத்திலிருந்து படத்தை எடுக்க ஒரு மஞ்சள் தாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எண் கூப்பிடுவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். கவுன்டரில் இருந்த பெண் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மேடம் கையெழுத்து சரி. சார், உங்களுடையது ஒத்துப்போகலையே."

ஒத்துப்போகாதுதான். படத்தைக் கொடுத்த அன்று, கலை உலகத்தில் காலடி வைக்கிறோமே என்று, சின்னவன் தன் வழக்கமான கிறுக்கலை விட்டுவிட்டு, மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு சுழி, கடைசியில் மயில் தோகை மாதிரி ஒரு விசிறல் என்று புதுக் கையெழுத்து ஒன்றைப் போட்டிருந்தான். அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

"இன்னொரு தடவை போடறேன்," என்றான். போட்டான். தோகை தேள்கொடுக்காயிற்று.

"இது யாருது சார்?"

"என்னோடதுதாங்க. நான்தான் நான்."

"அதைத் தாளில்தான் காட்டணும்."

உள்ளே மைக்கில், "முப்பத்தொன்பது!" என்று குரல் வந்தது.

நடுவி கதவருகே போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் வாட்ச்மேன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர்க்கதை பேச ஆள் கிடைக்காத மனிதர் போல.

"பேரிக்காய் உங்களுதாம்மா?"

"ஆமா."

"கவலைப்படாதீங்க. நல்லாவே போகும். அதுக்குன்னே ஒருத்தர் வந்திருக்காரு. பார்வைக்கு வெச்ச மூணு நாளும் காலையில கதவு திறந்ததும் உள்ள வருவாரு. மூடற வரைக்கும் அது முன்னாடியேதான். நாங்க அவருக்குப் பேரிக்காய்க்காரர்னே பேர் வெச்சுட்டோம். போன வருஷமும் இதே படம் இன்னொண்ணு வந்துச்சு. அதையும் அவர்தான் எடுத்தாரு. இதோட நாலாவதாம்."

"ஒரே படத்தை எதுக்கு நாலு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அந்த ஓட்டைப் பல்லையே பாத்துக்கிட்டு இருந்தாரு. 'அதுக்குக் காரணம் ஒரு பொண்ணு. இரும்புக் கேட்டைச் சாத்திட்டா'ன்னாரு." வாட்ச்மேன் பெருமூச்சு விட்டார். "காதல் தோல்விங்க. பாவம்."

நடுவியின் பைக்குள், பிளாஸ்டர் அச்சு எதிலோ இடித்து டக்கென்றது. அவள் அசையவில்லை.

"எங்க இருக்காரு?"

"உள்ள. கடைசி வரிசைக்குப் பின்னாடி நிப்பாரு. உக்காரவே மாட்டாரு."

*

மேடையில் ஏலக்காரர் நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்.

வெள்ளைக் கையுறை போட்ட இருவர் பேரிக்காயைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்தி வந்து முக்காலித் தாங்கியில் சாய்த்தார்கள். விளக்கு அதன்மேல் விழுந்தது. மஞ்சள் பழம், நடுவே பிளந்த வாய், மேல்வரிசைப் பற்கள். முதல் வரிசையில் நிபுணர் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்து அம்மாளிடம் "அந்த வெற்றிடத்தைக் கவனியுங்கள்," என்றார். அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கவனித்தாள்.

நடுவிக்கு அது வெற்றிடமாகத் தெரியவில்லை. ஒரு மதியம் தெரிந்தது. கேட்டின் சூடு உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

ஏலம் தொடங்கும் முன்னாலேயே பின்னால் ஓர் எண் அட்டை உயர்ந்திருந்தது. உயர்ந்தது இறங்கவே இல்லை. தொலைபேசியில் யாரோ கேட்டார்கள். நிபுணரின் பக்கத்து அம்மாள் கேட்டாள். பின்னால் அட்டை அப்படியே நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி.

அவள் சுவரோரமாகவே நடந்தாள். ஆள் தெரிந்தார். தொப்பி. நரைத்த தாடி. கன்னம் உள்ளே ஒட்டியிருந்தது. தேய்ந்த செருப்பு, நான்கு படம் வாங்குகிறவர் போடும் செருப்பு இல்லை. பார்த்தால் அறுபது சொல்லலாம். அண்ணனுக்கு இந்த வருஷம் நாற்பது.

அவன் இல்லை என்று மனம் சொன்னது. அவர் ஒரு காலில் நின்றபடி, இன்னொரு காலின் கட்டைவிரலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டார். பெரியவன் கேட்டருகே நின்று அப்படித்தான் சொறிவான். ஆனால் கால் அரிப்பது உலகப் பொது வியாதி.

முகத்தை நம்ப முடியாது. எண்ணெய் வழிந்த முகம் வற்றும், மூக்குகூட வளரும். இவ்வளவு வருஷத் தொழிலில் அவள் நம்புவது ஒன்றைத்தான். வாயைத் திறந்தால் போதும். ஆயிரம் பேரில் அவனைக் கண்டுபிடித்துவிடுவாள். அச்சு வேறு பையில் இருக்கிறது. கோரைப்பல், ஒட்டிய குட்டிப்பல், மூலை போன முன்பல். தப்பவே முடியாது.

"ஒரு தரம்," என்றார் ஏலக்காரர்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவன் ஓடி வந்தான். கையில் மஞ்சள் தாள், விரலெல்லாம் மை.

"அக்கா! ஏழாவது தடவை ஒத்துப்போச்சு! தோகை வந்துடுச்சு! நிறுத்தச் சொல்லு!"

"ரெண்டு தரம்."

நடுவி கையைத் தூக்கவில்லை. அந்த மனிதர் சின்னவனைத் திரும்பிப் பார்த்தார். முகத்தை அல்ல. ஓடி வந்தவன் மூச்சிரைத்துக் குனிந்தபோது, அவன் உச்சந்தலையை.

"மூணு தரம்!" சுத்தி விழுந்தது.

எங்கேயோ யாரோ கை தட்டினார்கள். மேடையில் பேரிக்காய் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. விளக்கைத் திருப்பியிருப்பார்கள்.

அவர் அட்டையை இறக்கி அதனாலேயே வாயை மறைத்துக்கொண்டார். கண்கள் மட்டும் மேலே தெரிந்தன. அவை நடுவியை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நீங்க..." என்றாள். எதைக் கேட்பது? பேரையா? பேர் சொன்னால் நம்புவாளா? கேட்டைப் பற்றியா? வாட்ச்மேன்வரை வந்துவிட்ட கதை, பெரியவன் வாயிலிருந்து இன்னும் எத்தனை பேர் காதுக்குப் போயிருக்குமோ?

"ஒரே ஒரு தடவை சிரிங்க," என்றாள்.

"எதுக்கு?" குரல் தேய்ந்து, காற்றுக் கலந்து வந்தது. பரிச்சயமான குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"தயவு செஞ்சு."

நடுவியின் கை பைக்குள் போய் அச்சைப் பற்றிக்கொண்டது. உடைந்த மூலை அவள் விரலைக் குத்தியது. வீட்டில் வெளிறிய சதுரத்துக்கு எதிரே அம்மா தட்டோடு உட்கார்ந்திருப்பாள். இருபத்தொரு வருஷம் இந்த ஒரு நொடிக்குள் வந்து அடைத்துக்கொண்டு நின்றது.

அந்த மனிதரின் கண்ணில் ஏதோ ததும்பியது. அட்டையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

வாய் நிறையச் சிரித்தார்.

இருபத்தெட்டும் கட்டின பல்.